அடுப்புக் கதவு வரும்வரை

எம்ப்ரெத் அந்தக் கதவை உதைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கையால் சாத்தியிருக்கலாம். முப்பத்தோரு வருஷமாகக் கையால்தான் சாத்திக்கொண்டிருந்தார். ஆனால் அன்று ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் விறகு, வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. காட்டில் மரம் சாய்ந்து கால் எலும்பு முறிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மனுஷனுக்கு எரிச்சல் வர இவ்வளவு போதும். அந்த மாவுக்கட்டுக் காலாலேயே அடுப்புக் கதவுக்கு ஓர் உதை விட்டார். வார்ப்பிரும்புக்கு உதை ஒத்துவராது. கீல் இரண்டும் பட்டென்று தெறித்து, கதவு தரையில் விழுந்து மூன்று துண்டானது. அடுப்பு வாயைத் திறந்துகொண்டு நின்றது.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தேழு டிகிரி. அந்தப் பள்ளத்தாக்கில் பிப்ரவரிக்கு இது அதிசயமில்லை. ஆனால் அந்தக் குளிரில் அடுப்பை அணையவிட்டால் முதலில் குழாயில் தண்ணீர் கல்லாகும், அப்புறம் நிலவறையில் உருளைக்கிழங்கு பாழாகும், அதற்கடுத்தது எம்ப்ரெத்தின் முறை. எரியவிட்டாலோ, வேறு தொல்லை. கட்டை வெடித்தால் பொறி பலகைத் தரைக்குத் தாவும். வீடு அடி முதல் முடி வரை மரம். கதவில்லாத அடுப்பென்றால் அதற்கு எதிரே ஓர் ஆள் கண் விழித்து உட்கார்ந்திருந்தே ஆக வேண்டும். அந்த வீட்டில் இருந்ததே ஓர் ஆள்தான். அந்த ஆளுக்கும் தூக்கம் வரும்.

செவ்வாய்க்கிழமை பகல் போயிற்று, இரவும் போயிற்று. எம்ப்ரெத் நாற்காலியில் உட்கார்ந்து அடுப்பை முறைத்துக்கொண்டிருந்தார். யாரையாவது கூப்பிட வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரன் கேட்பான். அங்கேதான் சிக்கல். அந்த ஊரில் காரியமில்லாமல் யார் வீட்டுக்கும் யாரும் போவதில்லை. இரவல் வாங்கிய ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகலாம், ஆடு வழிதவறி வந்துவிட்டதா என்று பார்க்கப் போகலாம். சும்மா போய் உட்கார்ந்தால் உனக்கு என்ன ஆச்சு என்று பயந்துபோய்க் கேட்பார்கள். எம்ப்ரெத்தின் மனைவி ராக்னா செத்து இரண்டு வருஷம் நான்கு மாதம். அன்றிலிருந்து இவருக்கு யார் வீட்டிலும் காரியம் இருக்கவில்லை, யாருக்கும் இவர் வீட்டில் காரியம் இருக்கவில்லை. கால் முறிந்தபோதுகூட ஆஸ்பத்திரி வண்டியே வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது, மளிகையைப் பால் லாரிக்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

இன்னொன்றும் இருந்தது. அது காரியத்தைவிடப் பெரிய முட்டுக்கட்டை. அங்கே ஒருவரை ஒருவர் மறுபடி பார்த்தால் முதல் வார்த்தை 'போன தடவைக்கு நன்றி' என்பதுதான். போன தடவை சாப்பாடு போட்டிருக்கலாம், சேர்ந்து வைக்கோல் ஏற்றியிருக்கலாம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். எதுவானாலும் முதலில் அதற்கு நன்றி, அப்புறம்தான் வானிலை, அப்புறம்தான் விஷயம். எம்ப்ரெத் ஊரார் எல்லோரையும் சேர்த்துக் கடைசியாகப் பார்த்தது ராக்னாவின் சவ அடக்கத்தில். அதற்கு எப்படி நன்றி சொல்வது? முதல் வார்த்தை வராததால் இரண்டாவது வார்த்தையும் வரவில்லை. ஆளைக் கண்டால் ரோட்டின் மறுபக்கம் நடந்தார். அவர்களும் புரிந்துகொண்டதுபோல் இந்தப் பக்கமே நடந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் தலை தொங்கிவிட்டது. கம்பளிக் காலுறை பொசுங்கும் நாற்றத்தில்தான் விழித்தார். மாவுக்கட்டின் நுனியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலுறையில் பொறி விழுந்து புகைந்துகொண்டிருந்தது. அதைத் தட்டி அணைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் தொலைபேசியை எடுத்தார்.

"நம்பர்?" என்றது தோமினேவின் குரல். ஊர்த் தபாலும் தொலைபேசி இணைப்பும் ஒரே அறையில், இரண்டும் அந்த அம்மாளின் பொறுப்பில்.

"தெற்கே அந்த வார்ப்புப் பட்டறை. அடுப்புக் கதவு ஒண்ணு ஆர்டர் பண்ணணும்."

"எதுக்கு?"

"அடுப்புக்கு."

தோமினே இணைப்பைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் காதை எடுத்தாரா என்றால், அந்த ஊரில் யாரும் அதை நம்பமாட்டார்கள். பட்டறைக்காரன் பழைய மாதிரியாயிற்றே, அச்சைத் தேடிப் பிடித்து வார்த்து அனுப்ப மூன்று வாரமாவது ஆகும் என்றான். எம்ப்ரெத் சரி என்றார். முக்கால் மணி நேரத்தில் ஹல்வோர் வாசலில் நின்றார்.

ஹல்வோரின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். மூன்று பேரும், ஹல்வோர், தோமினே, எம்ப்ரெத், ஒரே பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஹல்வோரும் எம்ப்ரெத்தும் இருபது குளிர்காலம் ஒரே குடிசையில் தங்கி மரம் வெட்டியவர்கள். ஹல்வோர் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்து, வழக்கப்படி கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார், மூடினார். எம்ப்ரெத்தும் அப்படியே செய்தார். போன தடவைக்கு நன்றியை இரண்டு பேரும் சொல்லவில்லை. இருவருக்கும் அது தெரிந்தது.

"குளிருது," என்றார் ஹல்வோர்.

"குளிருது."

"அடுப்புக் கதவு ஒடஞ்சுதாமே."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல." ஹல்வோர் அடுப்பைப் பார்த்தார், தரையில் கிடந்த மூன்று துண்டைப் பார்த்தார், மாவுக்கட்டைப் பார்த்தார். "ஒதச்சியா?"

"வழுக்கிடுச்சு."

"அடுப்பு மேலயா?"

ஹல்வோர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கு வந்துடு, கதவு வர்ற வரைக்கும்," என்றார்.

"உருளைக்கிழங்கு ஒறஞ்சு போயிடும்."

"அதையும் கூட்டிட்டு வா."

"பூனை இருக்கு."

"பூனைக்கு எடம் இல்லைன்னு நான் சொன்னேனா?"

எம்ப்ரெத் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ராக்னா இல்லாத வீட்டை விட்டு தானாக ஒரு நாள்கூட அவர் வெளியே தூங்கியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்துகூட டாக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டு சீக்கிரம் வந்துவிட்டார். காரணம் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஹல்வோர் கேட்கவில்லை. வெளியே போய் இரும்புத் தகடு ஒன்றைத் தேடி எடுத்துவந்து அடுப்பு வாய்க்கு முட்டுக்கொடுத்து நிறுத்தினார். அரை மணி நேரத்தில் தகடு பழுத்து வளைந்தது, முட்டுக்கட்டையில் தீப்பிடித்தது, எல்லாம் சரிந்து விழுந்தது. ஹல்வோர் உதட்டைப் பிதுக்கினார். அவர் தன் கையாலேயே ரம்பப் பட்டறை கட்டியவர், தேவாலயத்துக் கடிகாரத்தை ரிப்பேர் செய்தவர். அதையெல்லாம் எம்ப்ரெத் அந்தத் தூக்கக் கலக்கத்தில் யோசிக்கவில்லை.

"சரிப்பட்டு வராது," என்றார் ஹல்வோர். "ஆள்தான் ஒக்காரணும். நீ ராத்திரி பாத்துக்க, எப்படியும் மாவுக்கட்டு அரிப்புல நீ தூங்கப்போறதில்ல. பகல்ல நாங்க வரோம். போய்ப் படு."

இப்படித்தான் முறை போட்டது. திங்கள், புதன், வெள்ளி ஹல்வோர். செவ்வாய், வியாழன், சனி தோமினே. அந்த நேரத்துக்கு அவருடைய அக்கா மகள் தொலைபேசியைப் பார்த்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும் வழியில் யாராவது. பார்சல் வந்தால் தோமினேவால் தூக்க முடியாது, ஹல்வோரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று எம்ப்ரெத் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தோமினே காலால் உந்தித் தள்ளும் சறுக்குவண்டியில் வந்தார். வண்டி நிறைய பிர்ச் விறகு. ஊசியிலை மரக்கட்டை பட்பட்டென்று வெடிக்கும், பிர்ச் அமைதியாக எரியும். அவரும் போன தடவைக்கு நன்றி சொல்லவில்லை. பூட்ஸைக் கழற்றினார், அடுப்பைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்தார்.

"மொதல்ல இந்த விரிப்பை எடுக்கணும். பொறி விழுந்தா இதுதான் புடிக்கும்."

அடுப்புக்கு முன்னால் கிடந்தது ராக்னா பழைய துணிகளைக் கிழித்துப் பின்னிய நீள விரிப்பு. எம்ப்ரெத் அதை ஒருநாளும் நகர்த்தியதில்லை. பெருக்கும்போதுகூடச் சுற்றித்தான் பெருக்குவார். "அது அங்கேயே இருக்கட்டும்," என்று அவர் சொல்வதற்குள் தோமினே அதைச் சுருட்டிவிட்டார்.

கீழே வெள்ளைப் பலகையில் கறுப்புக் கறுப்பாய்ச் சுட்ட புள்ளிகள். சில பட்டாணி அளவு, சில முட்டை அளவு. எம்ப்ரெத் எண்ணினார். ஏழு.

"இது என்ன?"

தோமினே சுருட்டிய விரிப்பை அணைத்துக்கொண்டு நின்றார். திருடி மாட்டிக்கொண்ட முகம். பிறகு குனிந்து, ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"இது பழசு, எனக்குத் தெரியாது. இது ராக்னா, யுத்தம் முடிஞ்ச வருஷத்துக் கிறிஸ்மஸ். இந்தப் பெருசு நான். சிரிச்சுக்கிட்டே இருந்ததுல கவனிக்கல."

"எங்க வீட்ல அடுப்புக் கதவைத் தெறந்து வெக்கிற பழக்கமே கெடையாது."

"ஆமா. நீ வீட்ல இருந்தப்ப."

எம்ப்ரெத் படுக்கையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் மரம் வெட்டுகிறவர்கள் திங்கட்கிழமை விடிவதற்கு முன் காட்டுக்குப் போனால் சனிக்கிழமைதான் வீடு திரும்புவார்கள். விறகு அவர் வெட்டியது, அவர் பிளந்தது, அவர் அடுக்கியது. கதவைத் திறந்து வைத்தால் சூடெல்லாம் புகைபோக்கி வழியே நட்சத்திரத்துக்குப் போய்விடும் என்று ராக்னா இருந்த வரைக்கும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு வியாழக்கிழமையும்," என்றார் தோமினே. "நீ காட்டுல இருக்கறப்ப அவ அடுப்பைத் தெறந்துடுவா. நான் நூல் கேட்டு வர்ற மாதிரி வருவேன். எத்தனை வருஷம் ஒரே நூலைத் திருப்பித் திருப்பி இரவல் வாங்கிருக்கேன் தெரியுமா? இந்தப் பக்கம் அவ, அந்தப் பக்கம் நான். நெருப்பைப் பாத்துக்கிட்டே பேசுவோம்."

"என்ன பேசுவீங்க?"

"உன்னைப் பத்திதான். வேற என்ன பேச இருக்கு, இந்த ஊர்ல?"

எம்ப்ரெத்துக்குக் கோபம் வரும்போலிருந்தது. விறகுக் கணக்கில் ஒவ்வொரு குளிர்காலமும் எங்கேயோ இடித்ததன் காரணம் இப்போதுதான் தெரிந்தது. ஆனால் வந்தது கோபமில்லை. இரண்டு வருஷம் நான்கு மாதத்தில் இந்த வீட்டுக்குள் ராக்னாவின் பேரை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். செத்தவளைப் பற்றியல்ல, ஏமாற்றிவிட்டுச் சிரித்த ஒருத்தியைப் பற்றி. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். தோமினே கட்டையைத் தள்ளிவிட்டுக்கொண்டு நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காபி போட்டார்.

அதன்பிறகு எம்ப்ரெத் பகலில் தூங்கிய பாடில்லை. "தூங்கு," என்பார்கள். "தூங்கறேன்," என்பார், கண்ணை மூடிக்கொண்டே அடுத்த கேள்வி கேட்பார். நெருப்புக்கு எதிரே உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. மௌனமானாலும் நெருப்பு ஏதோ பேசிக்கொண்டிருக்கும். முகம் பார்த்துப் பேச வெட்கப்படுகிற ஜனங்களுக்கு இதைவிட வசதி கிடையாது. காட்டுக் குடிசையில் இருபது வருஷத்தில் பேசாததை ஹல்வோர் இரண்டு வாரத்தில் பேசினார். தன் மகன் ஊரைவிட்டுப் போனது, வீட்டில் கிழவனும் கிழவியும் ஆளுக்கொரு அறையில் ரேடியோ கேட்பது, எல்லாம் வந்தது.

"ராக்னா ஒரு தடவை என்னை அடிச்சிருக்கா, தெரியுமா?" என்றார் ஒரு வெள்ளிக்கிழமை.

"எதுக்கு?"

"நீ விறகுல பட்டையை மேல் பக்கமா வெச்சு அடுக்கறது தப்புன்னேன். கரண்டியாலயே போட்டா. 'அவர் தப்பை நான் சொல்லிக்கறேன், நீ யாரு'ன்னா."

"பட்டை மேலதான் இருக்கணும். மழை வடிஞ்சுடும்."

"கீழ இருக்கணும். அப்பதான் காயும்."

"நீ கொண்டுவந்த கட்டையைப் பாத்தாலே தெரியுது. அழுதுக்கிட்டே எரியுது."

எம்ப்ரெத் சிரித்தார். தன் சிரிப்பைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். பூனைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

ஒவ்வொரு நாள் காலையும் ஒன்பது மணிக்கு வண்டிச் சத்தம் கேட்கும் வரை அவருக்கு இருப்புக்கொள்ளாது. மூன்று மணிக்கு இருட்டக் கட்டும்போது அவர்கள் கிளம்பினால் மனசு வெறிச்சோடிப்போகும். கூடவே ஒரு பயமும் வந்து சேர்ந்தது. கதவு வந்துவிட்டால்? கதவு வந்தால் காரியம் முடிந்தது. காரியம் முடிந்தால் யாரும் வரமாட்டார்கள். அவரும் கூப்பிடமாட்டார். அந்த அறையின் அமைதி அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவர். ஆனால் வெளியே காட்டிக்கொள்ள முடியுமா? பொறுமையில்லாத ஆள்மாதிரி தினமும் கேட்பார்.

"கதவு வந்துச்சா?"

"என் ஆபீஸ்ல எதுவும் கெடக்கல," என்பார் தோமினே.

"ரொம்ப மெத்தனம் அந்தப் பட்டறைக்காரங்க."

"ரொம்ப மெத்தனம்."

"எப்பதான் அனுப்புவானோ," என்பார் ஹல்வோரும், நெருப்பைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை தோமினே வரும்போது செய்தித்தாளும் ஒரு கடிதமும் கொண்டுவந்தார். கடிதத்தைக் கொடுத்த விதமே ஒரு மாதிரி இருந்தது. நீட்டினார், எம்ப்ரெத் பிடித்தபின்னும் ஒரு கணம் விடவில்லை. "தபால்னா கொடுத்துத்தான் ஆகணும்," என்றார், யாரோ கேட்டதுபோல. எம்ப்ரெத் கடிதத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார், மூக்குக்கண்ணாடி எங்கேயோ கிடந்தது. தோமினே நெருப்பைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்துவிட்டு, அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார்.

அவர் போனதும் எம்ப்ரெத் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் பிரித்தார். வார்ப்புப் பட்டறையிலிருந்து. அச்சு எளிதாகக் கிடைத்துவிட்டதால் கதவைச் சீக்கிரமே வார்த்து அனுப்பிவிட்டோம், பதினாறாம் தேதியே உங்கள் சார்பில் ஒருவர் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டதாக ரசீது வந்திருக்கிறது, கீல் முள் இறுக்கமாக இருந்தால் லேசாக அரம் போடவும், நன்றி. இவ்வளவுதான்.

எம்ப்ரெத் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். இன்று இருபத்தேழு. பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் ஹல்வோர் கரண்டிக் கதை சொன்னது. கதவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பனிவண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, நேரே இங்கே வந்து உட்கார்ந்து, எப்பதான் அனுப்புவானோ என்றிருக்கிறார். தோமினே சொன்னதும் பொய்யில்லை. அவருடைய ஆபீஸில் எதுவும் கிடக்கவில்லை. ஹல்வோரின் கொட்டகையில் கிடக்கிறது.

முதலில் ஏமாந்த எரிச்சல்தான் வந்தது. கடிதத்தை மறுபடி படித்தார். பிறகு அந்தத் தகடு ஞாபகம் வந்தது. தேவாலயத்துக் கடிகாரத்தையே சரிசெய்தவனுக்கு ஒரு தகட்டை நிறுத்தத் தெரியவில்லை. அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே நடிப்பு. எம்ப்ரெத் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். இவ்வளவு நாளும் தனக்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை நூல் இரவல் கேட்க வீடில்லாமல் போன ஒருத்தி, ரேடியோவைத் தவிரப் பேச்சுத்துணை இல்லாத ஒருவன்; அவர்களும் இரண்டு வருஷமாக ரோட்டின் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள், ஒரு காரியம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு.

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கடிதத்தை நெருப்பில் போட்டுவிட்டு நாளைக்கும் கதவு வந்துச்சா என்று கேட்கலாம். அவர்களும் வரவில்லை என்பார்கள். வசந்தம் வரைக்கும் ஓட்டலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஜன்னல் வழியே ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். ஹல்வோரின் கொட்டகைச் சுவரை ஒட்டி ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருந்த விறகு முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. வாய் திறந்த அடுப்பு மூன்று பங்கு விறகு தின்னும். மார்ச் பாக்கி, ஏப்ரல் பாக்கி. தங்கள் குளிர்காலத்தையே வண்டி வண்டியாய்க் கொண்டுவந்து இவர் வீட்டுப் புகைபோக்கியில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள், பட்டை மேலா கீழா என்று சண்டை போட்டுக்கொண்டே. அதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. இனி ஒரு கட்டை எரிந்தாலும் அது தன் மேல் எரிந்ததுபோல இருக்கும்.

கதவை மாட்டினால் எல்லாம் முடிந்துபோகலாம். ஆனாலும் மாட்டியாக வேண்டும். அந்த இரவு காவலிருந்தபோது அவர் அதை மனசில் முடிவு செய்துகொண்டார்.

காலையில் தொலைபேசியை எடுத்தார்.

"நம்பர்?"

"இன்னைக்கு ஹல்வோர் முறை. ஆனா நீயும் வா."

"படிச்சியா?" என்றார் தோமினே.

"காபிக்கு வா."

ஒன்பதரைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். வாசல் ஓரத்து ஸ்டூல்களில் விருந்தாளிபோல் உட்கார்ந்தார்கள், கோட்டைக் கழற்றவில்லை. தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே இந்த மூன்று பேரும் ஒரு காலத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜைமேல் நீலப்பூ போட்ட நல்ல கோப்பைகள் இருந்தன. ராக்னாவின் அடக்கத்தன்று வெளியே வந்தவை, அதற்கப்புறம் வெளியே வராதவை. எம்ப்ரெத் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நின்றுதான் சொல்ல வேண்டும் என்று பட்டது.

"போன தடவைக்கு நன்றி," என்றார்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மூணு வாரத்துக்குச் சொல்லல. அது அப்புறம். போன தடவைக்கு. ஹல்வோர், நீ மழையில அவளைத் தூக்கினே. மேட்டுல மத்தவன் எல்லாம் வழுக்கினான், நீ வழுக்கல. நான் பின்னால நடந்து வந்தப்ப உன் பூட்ஸைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். தோமினே, நீ நாப்பது பேருக்குக் காபி ஊத்தினே, எல்லாரும் போனப்புறம் பாத்திரம் கழுவினே. கழுவி எல்லாக் கோப்பையையும் மாத்தி அடுக்கிட்டுப் போனே. ராக்னா கைப்பிடிக் காதை இப்படி வெக்கமாட்டா, வலது பக்கம்தான் வெப்பா. ரெண்டு வருஷமா நான் அதை அப்படியேதான் வெச்சிருக்கேன். யாரோ வந்துட்டுப் போன வீடு மாதிரி இருக்கும், அதனால." அவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "இதைச் சொல்ல வாய் வரல. அதான் யார் மூஞ்சியிலயும் முழிக்கல. நன்றி."

ஹல்வோர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். தோமினே மூக்கை உறிஞ்சினார்.

"உனக்கும் நன்றி, போன தடவைக்கு," என்றார் ஹல்வோர், முறைப்படி.

"நன்றி," என்றார் தோமினே. "காதை வலது பக்கம் வெக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி," என்றார் எம்ப்ரெத். "இப்ப போய் அந்தக் கதவை எடுத்துட்டு வா, ஹல்வோர். கொட்டகையில எலி கடிச்சுடும்."

"இரும்பை எலி கடிக்காது."

"தகடு நிக்காதுன்னுகூடத்தான் சொன்னே."

ஹல்வோர் காது சிவந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் சாக்கில் சுற்றிய கதவோடு வந்தார். பட்டறை நாற்றம் மாறாத புதுக் கறுப்புக் கதவு. கீல் முள் இறுக்கமாகத்தான் இருந்தது. பாக்கெட்டிலிருந்து அரத்தை எடுத்து நான்கு இழுப்பு இழுத்தார், தூக்கி வைத்தார், தட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடிகார வேலைக்காரனின் கை. கதவைச் சாத்தித் தாழைப் போட்டார்.

அறை சட்டென்று மங்கிப்போனது. ஜன்னலில் பிப்ரவரி மாதத்து வெளிச்சம் சாம்பலாகத்தான் இருந்தது. நெருப்பின் சத்தம் இரும்புக்குப் பின்னால் எங்கேயோ போய்விட்டது. தரையில் ஏழு புள்ளிகளும், புதிதாகச் சேர்ந்த பொறித்தடங்களும் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல கதவு. ஒரு குறை சொல்ல முடியாது.

"நல்லா உக்காந்துடுச்சு," என்றார் ஹல்வோர்.

"நல்லா உக்காந்துடுச்சு," என்றார் தோமினே. கழற்றாத கோட்டின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். "அப்ப நான் கெளம்பறேன். தபால் பாக்கணும்."

ஹல்வோரும் அரத்தைத் துடைத்துப் பாக்கெட்டில் வைத்தார்.

எம்ப்ரெத் இருந்த இடத்திலிருந்தே ஊன்றுகோலை நீட்டினார். அதன் நுனியால் தாழை நெம்பினார். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை தாழ் மேலேறியது. கதவைப் பிடித்து இழுத்து, சுவர்ப்பக்கம் முழுக்கத் திறந்து வைத்தார். வெளிச்சம் மூன்று பேர் முகத்திலும் வந்து விழுந்தது.

"சூடெல்லாம் மேல போயிடும்," என்றார் ஹல்வோர்.

"போகட்டும்," என்றார் எம்ப்ரெத். "இனிமே என் விறகு. தெறந்து வெச்சா ஆள் உக்காரணும். உக்காருங்க."

தோமினே பித்தானைக் கழற்றிவிட்டு, அடுப்புக்கு அந்தப் பக்கம், தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எம்ப்ரெத் கோப்பைகளை எடுத்துவைத்துக் காபி ஊற்றினார், காது வலது பக்கம் இருக்கும்படி. அன்று புதன்கிழமை.

"நாளைக்கு வியாழன்," என்றார் தோமினேவிடம். "நூலெல்லாம் வேண்டாம். சும்மா வா."